மெஷினுக்கு வெளியே டூல் அளப்பது: யாழ்ப்பாணப் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போகும்போது வரும் ஊர்களில் ஒன்றில் இந்தப் பட்டறை இருக்கிறது. பட்டறையின் பெயரையும் ஆட்களையும் கருவி விற்றவர்களையும் நான் இங்கே குறிப்பிடவில்லை. முதலாளியின் தகப்பன் காலத்தில் அது சாதாரண லேத் பட்டறை. தோட்டக் கிணற்றுப் பம்புகளின் தண்டு, அரிசி ஆலைக்குப் புஷ், மீன்பிடிப் படகுக்குக் கப்ளிங் என்று திருத்த வேலைதான் அதிகம். இப்போது கணினிக் கட்டுப்பாட்டில் இரண்டு செங்குத்து மெஷினிங் சென்டர்களும் ஒரு சி.என்.சி. லேத்தும் ஓடுகின்றன. சென்டர் இரண்டும் பாவித்த நிலையில் வாங்கியவை. இரண்டிலும் பி.டி.40 என்ற அளவுக் கூம்புக் குழியுள்ள ஸ்பின்டில் (டூலைப் பிடித்துச் சுழற்றும் தண்டு), ஃபனுக் கம்பனியின் கணினிக் கட்டுப்பாடு. ஒன்று 20 டூல் பிடிக்கும், மற்றது 24.

வரும் வேலைகளெல்லாம் சிறு தொகைகள்: பம்ப் உறை 20, ஆலைக் கப்பி 30, பிளாஸ்டிக் அச்சு ஒன்றோ இரண்டோ. ஒவ்வொரு வேலைக்கும் 8 முதல் 14 டூல் வரை மாற்ற வேண்டும். முதலாளி, புரோகிராம் எழுதும் இளைஞர், மூன்று ஒப்பரேட்டர்கள் என்று ஐந்து பேர். ஒப்பரேட்டர்களில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் கை பழகியவர். அவரை இங்கே மூத்தவர் என்கிறேன்.

2023 ஓகஸ்டில் முதலாளி எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, கமெரா வைச்ச பிரீசெட்டர் ஒண்டுக்கு விலை எடுத்திருக்கிறன். வாங்கட்டோ?" நான் உடனே பதில் சொல்லவில்லை. மெஷினைத் தயார்படுத்துவதில் நேரம் எங்கே போகிறது என்று இரண்டு கிழமை கணக்கு எழுதச் சொன்னேன்.

என்ன நடந்துகொண்டிருந்தது

ஒரு டூலை ஸ்பின்டிலில் பூட்டினால் அதன் நுனி எங்கே நிற்கிறது என்று கட்டுப்பாட்டுக்குத் தெரியவேண்டும். இங்கே அதை ஒவ்வொரு டூலாக ஜொப்பின் (வெட்டவேண்டிய துண்டின்) மேற்பரப்புக்கு இறக்கி, இடையில் பேப்பர் துண்டு பிடித்தோ 50 மி.மீ. டயல் செட்டர் வைத்தோ எடுத்தார்கள். அந்த நேரம் முழுவதும் மெஷின் சும்மா நிற்கும். பிரீசெட்டர் என்பது இதே அளவை மெஷினுக்கு வெளியே எடுக்கும் கருவி. ஸ்பின்டிலைப் போன்ற ஒரு குழியில் ஹோல்டரை (டூலைப் பிடிக்கும் பிடியை) உட்காரவைத்து, கேஜ் லைனிலிருந்து நுனி வரையான நீளத்தையும் வெட்டும் விட்டத்தையும் அளப்பது. பி.டி.40 இல் டேப்பரின் (ஹோல்டரின் கூம்புப் பகுதியின்) விட்டம் 44.45 மி.மீ. ஆகும் இடம்தான் கேஜ் லைன்.

80 பக்கக் கொப்பியில் இரண்டு கிழமையும் எழுதினார்கள். மொத்தம் 19 செட்டப் (ஒரு வேலைக்கு மெஷினைத் தயார்படுத்துவது). ஒரு செட்டப்புக்குச் சராசரியாக 2 மணி 10 நிமிடம். அதில் டூல் நீளம் எடுக்க 50 நிமிடம், வைஸ் பூட்டி ஜொப்பின் பூச்சியம் எடுக்க 25, புரோகிராமை ஓட்டிப் பார்க்க 20. மீதி 35 நிமிடமும் கொலட் (டூலை ஹோல்டருக்குள் இறுக்கும் வளையம்) தேடுவதிலும், ஹோல்டர் கழற்றித் துடைத்து வேறு டூல் பூட்டுவதிலும் போயிருந்தது. முதலாளி இந்த 35 ஐ எதிர்பார்க்கவில்லை. எந்தப் பிரீசெட்டர் வாங்கினாலும் தேடும் நேரம் குறையாது. அது மட்டுமல்ல, அந்தத் தேடலுக்குக் காரணமே ஹோல்டர் பற்றாக்குறை. இரண்டு மெஷினுக்கும் சேர்த்து 31 ஹோல்டர்தான் இருந்தன, பெரும்பாலானவை எப்போதும் மெஷினுக்குள். அடுத்த வேலையின் டூல்களை வெளியே வைத்து அளக்க வேண்டுமென்றால், அவற்றைப் பூட்ட வெளியே ஹோல்டர் வேண்டுமே! மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க எதுவும் கையில் இல்லாவிட்டால், எவ்வளவு விலையான பிரீசெட்டரும் மேசையில் சும்மாதான் இருக்கும். கருவி பார்க்கப் போகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைப் போடுவதேயில்லை என்பது என் அனுபவம்.

கொப்பியில் இன்னொன்றும் வெளிப்பட்டது. ஆறு தடவை வேலை நடுவில் டூல் உடைந்திருந்தது. ஒவ்வொரு முறையும் 20 முதல் 25 நிமிடம் போயிருந்தது, ஏனென்றால் முதலில் தொட்ட மேற்பரப்பு அதற்குள் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். புது டூலை எதில் தொடுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி பார்த்தார்கள்.

முன்னிருந்த தெரிவுகள்

முதலில் கமெரா வகை. பின்னால் ஒளி, முன்னால் லென்ஸ், வெட்டுமுனையின் நிழல் திரையில் பெரிதாகத் தெரியும். மூலை ஆரம், கோணம், தேய்மானம் எல்லாம் பார்க்கலாம். மைக்ரோன் கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே அளவு தரும். இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நுண்ணிய அச்சு வேலை நாள் முழுக்கச் செய்யும் இடத்துக்கு அதுதான் சரியான கருவி. ஆனால் விலை, எங்களுக்குக் கிடைத்த விலைப்பட்டியல்களின்படி, தொடுகை வகையின் நாலு மடங்குக்கு மேல். பழுதானால் கொழும்பிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ ஆள் வரவேண்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற காலத்தை இவர்கள் மறக்கவில்லை. 2023 இல் மின்வெட்டு ஓய்ந்துவிட்டது, யூ.பி.எஸ். ஒன்று வைத்தாலும் சமாளிக்கலாம். ஆனால் டொலர் ஏறி, உதிரிப்பாகம் இறக்க முடியாமல் ஒரு மெஷின் மாதக்கணக்கில் நின்றதையும் அதே வருடம்தான் பார்த்தார்கள். அந்தப் பயம் நியாயமானது.

இரண்டாவது, மெஷினுக்குள்ளேயே பூட்டும் தொடு உணரி. டூல் உண்மையில் வெட்டப்போகும் ஸ்பின்டிலிலேயே அளப்பதால் டேப்பர் பிழை, ஸ்பின்டில் சூடேறி நீளுவது எல்லாம் அளவுக்குள் வந்துவிடும். உடைந்த டூலையும் கண்டுபிடிக்கும். குறை, அளக்கும்போது மெஷின் நிற்கும். அதோடு இரண்டு மெஷினுக்கும் இரண்டு வாங்கவேண்டும். பழைய கட்டுப்பாடு ஒன்றில் அதற்கான வயரிங் கேள்விக்குறியாக இருந்தது.

மூன்றாவது தூண் வகைத் தொடுகைப் பிரீசெட்டர். கிரைண்ட் செய்த டேப்பர் குழி, நிமிர்ந்த தூண், பற்றரியில் ஓடும் டிஜிட்டல் அளவுகோல், நுனியைத் தொட ஒரு டயல். 0.01 மி.மீ. வரை காட்டும்.

நாலாவது, தாங்களே செய்வது. உண்மையில் 2021 இல் ஒரு முறை முயன்றிருந்தார்கள். லேத்தில் குழி கடைந்து, கருங்கல் தட்டில் வைத்து, ஹைட் கேஜால் அளந்தார்கள். அது ஏன் சரிவரவில்லை என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்குள்ள பட்டறைகள் எல்லாவற்றுக்கும் இந்த யோசனை வரும். பி.டி. டேப்பர் 7க்கு 24: 24 மி.மீ. நீளத்துக்கு 7 மி.மீ. விட்டம் குறையும். ஆகவே குழியின் விட்டத்தில் 0.01 மி.மீ. பிழை இருந்தால் ஹோல்டர் மேலேயோ கீழேயோ 0.034 மி.மீ. நகர்ந்து உட்காரும். பிழை மூன்றரை மடங்காகிவிடுகிறது. கோணமும் பிழைத்தால் ஹோல்டர் ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து, வைக்கும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகச் சாயும். அவர்களின் குழியில், எங்கே தொடுகிறது என்று அறிய நீல மை தடவிப் பார்த்தபோது பெரிய முனையில் மட்டும் மை ஒட்டியது. ஒரே ஹோல்டரைக் கழற்றி வைக்கும்போது அளவு 0.06 மி.மீ. வரை மாறியது. கடைந்த குழி போதாது, கிரைண்டிங் வேண்டும், அதற்குரிய மெஷின் அவர்களிடம் இல்லை.

எவ்வளவு துல்லியம் தேவை

தீர்மானத்துக்கு முன் ஒரு மாலை முழுவதும் இதைத்தான் கதைத்தோம். இவர்களின் வேலையில் ஆழ அளவுகள் பெரும்பாலும் 0.05 மி.மீ. தளர்வுக்குள். இறுக்கமானவை பெயரிங் உட்காரும் துளைகள். 30 மி.மீ. துளைக்கு எச்7 என்ற தளர்வுத் தரம் என்றால் 0.021 மி.மீ. தான் இடம். அதைப் போரிங் ஹெட்டால் (துளையைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கும் டூல்), ஒரு சோதனை வெட்டு போட்டு அளந்துதான் முடிக்கிறார்கள். கமெரா இருந்தாலும் அந்தச் சோதனை வெட்டை விடப்போவதில்லை என்று ஒப்பரேட்டர் மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வெப்பத்தையும் பார்க்கவேண்டும். உருக்கு ஒரு மீற்றருக்கு ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 11.5 மைக்ரோன் விரியும். 150 மி.மீ. நீளமான டூல் அளக்கும் அறைக்கும் மெஷினுக்கும் இடையில் 10 பாகை வித்தியாசத்தைச் சந்தித்தால் 0.017 மி.மீ. நீளும். குளிரூட்டி இல்லாத தகரக் கூரைப் பட்டறையில் மைக்ரோனுக்குப் பணம் கொடுப்பதில் பலன் குறைவு.

தீர்மானம்

தூண் வகையைத் தெரிவு செய்தோம். அதோடு சேர்த்து 16 புது ஹோல்டர், ஒரே வகைப் புல் ஸ்டட் (ஹோல்டரை ஸ்பின்டிலுக்குள் இழுத்துப் பிடிக்கும் குமிழ்), நீளம் அறிந்த ஒரு மாஸ்டர் மன்ட்ரல், டூல் தள்ளுவண்டி ஒன்று. கமெரா வகைக்கு ஒதுக்கிய பணத்தில் இவ்வளவும் வாங்கி மிச்சமும் இருந்தது.

விற்பவரின் பேச்சை மட்டும் நம்பி வாங்கவில்லை. முதலாளியும் புரோகிராமரும் தங்கள் ஹோல்டர்களில் இரண்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். ஒன்று நல்லது, ஒன்று பழையது. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை கழற்றி, 180 பாகை திருப்பித் திருப்பி வைத்து அளந்தார்கள். நல்ல ஹோல்டர் பத்துத் தடவையும் 0.01 மி.மீ. க்குள் நின்றது. பழையதன் நீளமும் ஏறக்குறைய நின்றது, ஆனால் சுழற்றியபோது நுனியில் 0.04 மி.மீ. ஆட்டம். அதே ஹோல்டரைக் கமெரா வகையிலும் வைத்துப் பார்த்தார்கள். அதே ஆட்டத்தைத் திரையில் அழகாகக் காட்டியது. ஹோல்டரைத்தான் மாற்றவேண்டும் என்று முதலாளிக்கு விளங்கியது அந்த இடத்தில்தான்.

நடைமுறைப்படுத்தியது

பிரீசெட்டர் நவம்பரில் வந்தது. மாரி மழை தொடங்கியிருந்தது. உப்புக் காற்று எங்கும் படும் இந்தத் தீபகற்பத்தில் கிரைண்ட் செய்த உருக்கு ஓர் இரவில் பழுப்பேறும். வாசலுக்கு அருகில் வைக்க நினைத்ததை மாற்றி, உள்ளறையில், கொங்கிறீட் மேடையில் மட்டம் பார்த்து வைத்தார்கள். வேலை முடிந்தால் குழிக்கு எண்ணெய் பூசி மூட வேண்டும், காலையில் துடைத்துவிட்டு மாஸ்டரை அளந்து எழுத வேண்டும்.

பழைய முறையில் டூலின் எச் பெறுமானம் (கட்டுப்பாட்டில் பதியும் நீள அளவு), மெஷினின் வீட்டு நிலையிலிருந்து (தொடக்க இடத்திலிருந்து) ஜொப்பின் மேல் வரை உள்ள தூரம், எதிர்க்குறியில். உதாரணமாக -345.670. ஜி54 இன் (ஜொப் எங்கே இருக்கிறது என்று கட்டுப்பாட்டுக்குச் சொல்லும் பதிவின்) இசட், அதாவது உயர அளவு, பூச்சியம். புது முறையில் எச் என்பது டூலின் உண்மை நீளம், 142.350. ஜி54 இல் கேஜ் லைனிலிருந்து ஜொப் வரையான தூரம், -488.020. கூட்டினால் இரண்டும் ஒரே இடம்தான். ஜி54 ஐ மாஸ்டர் மன்ட்ரலால் எடுப்பதால், பிரீசெட்டருக்கும் அந்த மெஷினுக்கும் இடையில் நிரந்தரமாக இருக்கும் சிறு வித்தியாசமும் அதிலேயே அடங்கிவிடும். டூல் உடைந்தால் புது நீளத்தைப் போட்டால் சரி, மேற்பரப்பைத் தொடத் தேவையில்லை.

மூத்தவர் இதை ஏற்கவில்லை. "தம்பி, பேப்பர் பிடிக்கேக்க கையிலை தெரியும். இந்தப் பெட்டி சொல்லுற நம்பரை நான் என்னெண்டு நம்புறது?" என்றார். கேள்வி சரியானது. ஐந்து டூலைப் பிரீசெட்டரில் அளந்து, அவற்றை அவரையே மெஷினில் தொட்டு எடுக்கச் சொன்னோம். நாலு டூலில் வித்தியாசம் 0.03 மி.மீ. க்குள். ஐந்தாவதில் 0.11. பிரீசெட்டர்தான் சரி என்று புரோகிராமர் சொல்ல, மூத்தவர் ஹோல்டரைக் கழற்றி, டேப்பரில் விரலால் தடவி, ஒட்டியிருந்த மெல்லிய சீவலை எடுத்துக் காட்டினார். அது பிரீசெட்டர் குழியில் வைக்கும்போதே இருந்திருக்கிறது. மெஷினில் பூட்டுமுன் அவர் வழக்கம்போல் துடைத்ததில் இடம் மாறியிருக்கலாம். எப்படியோ, அன்றிலிருந்து பிரீசெட்டர் அறையின் பொறுப்பு அவருடையது. துடைக்காத ஹோல்டரை அவர் உள்ளே விடுவதில்லை. புல் ஸ்டட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் டேப்பரின் சிறு முனை உப்பிவிடும் என்பதால் அதையும் டோர்க் ஸ்பானரால் தானே இறுக்குகிறார்.

விபத்து

மூன்றாவது கிழமை. 63 மி.மீ. ஃபேஸ்மில் (மேற்பரப்பைச் சமமாக வெட்டும் டூல்). கொப்பியில் 142.350 என்று எழுதியிருந்தது. மெஷினில் 124.350 என்று தட்டப்பட்டது. கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை டூல் 18 மி.மீ. கட்டை, ஆகவே 18 மி.மீ. கூடுதலாக இறங்கியது. வேகமான இறக்கத்தில் வார்ப்பில் மோதி, நாலு இன்சேர்ட்டும் (அதன் வெட்டும் அலகுகள்) போய், வார்ப்பும் போனது. ஸ்பின்டிலின் ஆட்டத்தை அளந்தோம், மாறியிருக்கவில்லை.

யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. பழைய எதிர்க்குறிப் பெறுமானம் தவறுதலாக மிஞ்சிவிடுமோ என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்தோம். அது நடந்தால் மெஷின் எல்லைக்கு அப்பால் போகப் பார்த்து அலாரத்தோடு நின்றுவிடும். நம்பக்கூடியதாகத் தெரியும் பிழையான இலக்கம்தான் ஆபத்து. பழைய முறையில் இலக்கத்தை யாரும் கொப்பியிலிருந்து தட்டவில்லை, மெஷினே எடுத்துக்கொண்டது. அந்தப் பாதுகாப்பைப் பிரீசெட்டரோடு சேர்த்து நாங்களே நீக்கியிருக்கிறோம். கமெரா வகை பெறுமானத்தை நேரடியாக மெஷினுக்கு அனுப்பும் வசதியோடு வருகிறது. அதன் துல்லியத்தைப் பற்றி ஒரு மாலை முழுக்கக் கதைத்த நாங்கள், இந்த வசதியைப் பற்றி ஐந்து நிமிடம்கூடக் கதைக்கவில்லை. அது என்னுடைய பிழை.

அடுத்த கிழமையே மாற்றங்கள் செய்தோம். எங்கள் அளவுகோலில் தரவு வெளியேறும் துவாரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கேபிள் வாங்கிப் பழைய மடிக்கணினியில் செருகினோம். பொத்தானை அழுத்தினால் நீளம் விரிதாளில் விழும். விரிதாள் ஒவ்வொரு டூலுக்கும் இரண்டு வரி எழுதும்: ஜி10 எல்10 பி5 ஆர்142.350, பின்னால் ஜி10 எல்11 பி5 ஆர்0. முதல் வரி நீளத்தை ஏற்றும். இரண்டாவது, பழைய டூலுக்குக் கொடுத்த தேய்மானத் திருத்தத்தைப் பூச்சியமாக்கும். இதை மறந்தால் புது டூலும் பழைய திருத்தத்தோடு வெட்டும். அந்த ஃபைலை மெமரி கார்ட்டில் கொண்டுபோய் மெஷினில் ஓட்டுகிறார்கள். கையால் தட்டுவது நின்றது.

அதற்கு மேல் ஒரு காவலும் வைத்தோம். செட்டப்பின் முதல் ஓட்டத்தில் ஒவ்வொரு டூலும் ஜொப்புக்கு மேல் 50 மி.மீ. இல் நிற்கும். ஒப்பரேட்டர் 50 மி.மீ. கட்டையை இடையில் நுழைத்துப் பார்ப்பார். ஒரு டூலுக்கு அரை நிமிடம்.

விளைவு

2024 ஏப்ரலில், புது ஹோல்டர்கள் முழுமையாகப் பாவனைக்கு வந்த பின், மறுபடி இரண்டு கிழமை கொப்பி எழுதினார்கள். டூல் நீளத்துக்கு மெஷின் நிற்கும் நேரம் 50 நிமிடத்திலிருந்து 12 ஆகியிருந்தது, அரை நிமிடக் காவலும் அதற்குள்தான். தேடுவதும் மாற்றுவதும் 35 இலிருந்து 20. வைஸுக்கும் புரோகிராமுக்கும் மாற்றமில்லை. மொத்தச் செட்டப் 2 மணி 10 நிமிடத்திலிருந்து 1 மணி 17 நிமிடம். உடைந்த டூல் மாற்ற 6 நிமிடம். அந்த ஒரு விபத்துக்குப் பின் இன்னொன்று இல்லை.

சி.என்.சி. லேத்துக்கு எந்தப் பலனும் இல்லை. அதன் டூல் பிடி வேறு, அதற்கான அடப்டர் வாங்கவில்லை. போரிங் ஹெட்டும் முன்போல்தான், சோதனை வெட்டு.

இனிச் செய்தால் மாற்றுவது

ஹோல்டர்களை முதலில் ஓடர் பண்ணுவோம். பிரீசெட்டர் வந்து ஏழு கிழமைக்குப் பின்தான் அவை வந்து சேர்ந்தன. அதுவரை இரண்டு மூன்று ஹோல்டரை வைத்துப் பழகினார்களே தவிர, நேரம் மிச்சமாகவில்லை. தரவுக் கேபிள் விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கவேண்டும். இரண்டு மெஷின் ஸ்பின்டில்களின் டேப்பரையும் வாங்குவதற்கு முன்பே நீல மை தடவிப் பார்த்திருக்கவேண்டும். பின்னர் பார்த்தபோது நல்ல வேளையாக இரண்டும் தேறின. தேறாமலிருந்தால் பணத்தை முதலில் அங்கேதான் போட்டிருக்கவேண்டும். மூத்தவரை கொழும்புக்கு அழைத்துப்போகாததும் தவறு. டேப்பரில் ஒட்டும் சீவலை அவர் அங்கேயே கவனிக்கச் சொல்லியிருப்பார்.

கமெரா வகையின் விலைப்பட்டியலை முதலாளி இன்னும் எறியவில்லை. சிறிய மூலை ஆரமுள்ள டூல்களால் வெட்டும் அச்சு வேலை மாதத்தில் நாலைந்து என்று தொடர்ந்து வந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பதாக இருக்கிறார். அதற்காகப் புரோகிராமர் கொப்பியில் இன்னொரு பத்தி கீறி, அச்சு வேலைகளைத் தனியாக எண்ணத் தொடங்கியிருக்கிறார்.